டாக்டர் கே. எஸ். கிருஷ்ணனும் நம் ஆய்வுக்கூடங்களும்

பெரியோரைப் போற்றும் வழி இரண்டு. அவர்தம் படத்துக்கு மாலை சூட்டி, சிறப்புரை நிகழ்த்தி, மறுநாள் மறந்துவிடுவது ஒன்று. அவர் எப்பணியில் தம் வாணாளைச் செலவிட்டாரோ அப்பணியை நம்மால் இயன்ற அளவில் மேற்கொண்டு நடத்துவது மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அரிது. ஆயினும் கல்லூரி என்னும் பெயர் தாங்கி நிற்கும் எந்நிலையத்துக்கும் பின்னதே உரியது என்பதில் ஐயமில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. 1928-ஆம் ஆண்டில் அந்நாளில் பேராசிரியர் சி. வி. ராமன் கல்கத்தாவில் ஒளிச்சிதறலைப் பற்றிய தமது புகழ்பெற்ற உண்மையைக் கண்டார் என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். அவ்வாராய்ச்சியில் அவருக்கு உற்ற துணையாக நின்றவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்பதைச் சிலர் அறிவர். அந்தக் கிருஷ்ணன் நம் மதுரையில் கல்வி பயின்றவர் என்பதை அறிந்தோர் அவரினும் சிலர். அவர் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைக் காந்தத்தின் இயல்பை அளந்தறிவதிலேயே செலவிட்டார் என்பதையோ, அத்துறையில் உலகம் போற்றும் முறையொன்றை வகுத்தார் என்பதையோ அறிந்தோர் மிகச் சிலரே.

இவ்வறியாமை ஒரு குறையே. எனினும் அதனை நீக்குவது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. கிருஷ்ணனது வாழ்வையும் ஆராய்ச்சியையும் உற்றுநோக்குவார்க்கு, நம் நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்று வேரூன்றி நிற்கும் ஒரு பழக்கம் எத்துணைத் தீங்கானது என்பது தானே விளங்கும். அதனை எடுத்துக்காட்டி, அதற்கு மாற்றாக ஒரு சிறு ஏற்பாட்டை ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

கிருஷ்ணனது பணியின் அருமையை அறிய, அதற்கு முன் காந்தத்தையும் மின்சாரத்தையும் பற்றி நிகழ்ந்த ஆராய்ச்சியைச் சிறிது அறிதல் வேண்டும். 1820-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு எர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி திரும்பி நிற்பதைக் கண்டு வெளியிட்டார். மின்சாரம் காந்த சக்தியை உண்டாக்குமாயின், காந்தமும் மின்சாரத்தை உண்டாக்கவேண்டுமன்றோ? இவ்வினாவுக்கு விடை கண்டவர் லண்டனைச் சார்ந்த மைக்கேல் பாரடே. இவர் ஒரு கொல்லரின் மகன். பள்ளிக்கல்வி சிறிதே பெற்றவர். புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றவர். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையத்தில் ஸர் ஹம்பரி டேவிக்கு உதவியாளராக அமர்ந்தவர்.

1824-ஆம் ஆண்டு தொடங்கிப் பன்முறை முயன்றும் பாரடேக்கு விடை கிட்டவில்லை. 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள், ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையமொன்றின் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளையும், எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுருளையும் சுற்றிச் சோதித்தார். முதற் சுருளில் மின்சாரத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும் மட்டும், மற்றைச் சுருளோடு இணைக்கப்பெற்ற காந்த ஊசி அசைந்தது. இடையே மின்சாரம் ஒரே சீராக ஓடியபோது அது அசையவில்லை. நிலைத்து நிற்கும் காந்த சக்தியன்று, மாறுகின்ற காந்த சக்தியே மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பது அதனால் வெளியாயிற்று. முன்னைய முயற்சிகள் பயன்படாமற் போன காரணமும் விளங்கிற்று.

கே. கே. நகரிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவன் தன் தெருமுனையில் கம்பங்களின்மேல் நிற்கும் டிரான்ஸ்பார்மரைக் காணாமல் வரமுடியாது. அதனுள் இருப்பது பாரடேயின் இரும்பு வளையத்தின் வழித்தோன்றலே. பெரியாற்று நீர் லோயர் கேம்பு மின்நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு வைகைப் பாசனத்துக்கு வருகிறதே, அச்சக்கரங்கள் மின்சாரம் பிறப்பிப்பதும் அவர் கண்ட அதே விதியால்தான். இவ்விதியை நம் மாணவர் புத்தகத்திற் படிக்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர். ஏழாண்டுகளாகத் தோல்வியையும் நாட்குறிப்பில் எழுதிவைத்துக் காத்திருந்த பொறுமையே அவ்விதியை ஈந்தது என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

பாரடேயின் மற்றொரு கண்டுபிடிப்பே நம் கிருஷ்ணனோடு நேரிய தொடர்புடையது. 1845-ஆம் ஆண்டின் இறுதியில், ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றை அவர் வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இரும்பாயின் முனையிலிருந்து முனைக்கு நேரே நிற்கும். கண்ணாடியோ இரு முனைகளையும் விட்டு விலகிக் குறுக்கே நின்றது. அக்கண்ணாடி, தொலைநோக்கிக்கு உரிய நல்ல கண்ணாடி செய்யவேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன் அவர் உழைத்துப் பெரும்பயன் காணாது வைத்திருந்தது என்பது கருதத்தக்கது. பின்னர் மரம், ரொட்டி, ஆப்பிள் பழம், இறைச்சி எனக் கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் தொங்கவிட்டுப் பார்த்தார். எல்லாம் குறுக்கேயே நின்றன. மனிதனொருவனைத் தக்கவாறு தொங்கவிட முடியுமாயின் அவனும் குறுக்கேதான் நிற்பான் என்றும் எழுதினார். இரும்பு, நிக்கல் போன்ற சிலவே காந்தத்தோடு தொடர்புடையன என்று எண்ணியிருந்த உலகம், பொருள் யாவும் ஏதோ ஒரு வகையில் காந்தத்துக்கு உட்பட்டவையே என்பதை அறிந்தது.

1848-இல் அவர் பிஸ்மத் என்னும் உலோகத்தின் படிகங்களை அவ்வாறு தொங்கவிட்டு, அவை வடிவத்துக்கு ஏற்ப நில்லாமல், தம் உள்ளமைப்புக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பி நிற்பதைக் கண்டார். இதற்குப் படிகக் காந்தச் செயல் என்னும் பொருளமைந்த பெயரொன்றைச் சூட்டினார். அணுக்களின் அடுக்கைப் பற்றி ஒன்றும் அறியப்படாத அக்காலத்தில் அதன் முழுப்பொருளை யாரும் உணர்ந்திலர். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து அதனை மீண்டும் கையில் எடுத்துப் பொருள் காணச் செய்தவருள் முதன்மையானவர் கிருஷ்ணன். 1933-ஆம் ஆண்டு முதல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த தம் கட்டுரைத் தொடருக்குப் பாரடே சூட்டிய அப்பெயரையே அவர் தலைப்பாக இட்டார்.

இனி அவரது வாழ்வைக் காண்போம். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் நிலபுலங்களைக் கவனித்துவந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை சான்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பை முடித்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். சென்னையில் ரசாயனத் துறையில் செய்முறை காட்டும் உதவியாசிரியராகவும் சிறிது காலம் இருந்தார்.

அப்பணியில் அவர் செய்த செயலொன்று நம் கருத்துக்கு உரியது. நண்பகல் உணவு வேளையில் மாணவர் எவரும் வந்து, பௌதிகத்திலோ ரசாயனத்திலோ கணிதத்திலோ தமக்குத் தோன்றிய எவ்வினாவையும் கேட்கலாம் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பாடத்திட்டம் என்னும் வேலி அங்கே இல்லை; மதிப்பெண் இல்லை; வருகைப் பதிவும் இல்லை. பிற கல்லூரி மாணவரும் அங்கே வந்து கூடினர் என்பர். அவர் பெரும்பதவி எதனையும் அடையாத இளமைப் பருவத்தில், எவ்விதப் பொருட்செலவும் இன்றி நடத்திய பணி அது.

1920-இல் கிருஷ்ணன் கல்கத்தா சென்றார். பின்னர் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனோடு சேர்ந்து உழைத்தார். ஒளி திரவங்களில் சிதறும் இயல்பை ஆராய்ந்து வந்த இருவரும், 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 60 திரவங்களில் நிறம் மாறிய புதிய ஒளியைக் கண்டனர். சூரிய ஒளியும், அதனைக் குவிக்கும் கண்ணாடிகளும், நிறவடிகட்டிகளும், பயிற்சி பெற்ற கண்ணுமே முதலில் அவர்தம் கருவிகள். அவ்வாண்டு மார்ச்சு 31-ஆம் நாளிட்ட நேச்சர் இதழில் வெளிவந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் உள்ளன. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பெற்றது.

இவ்விடத்தில் ஒரு கருத்தை வெளிப்படையாகக் கூற விரும்புகின்றேன். கிருஷ்ணனைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் பரிசில் அவருக்குப் பங்கு கிடைக்காமையையே பேசுவது நம்மவர் பலரது வழக்கமாயிருக்கிறது. பங்கு கிடைத்திருக்க வேண்டுமா இல்லையா என்பதை விஞ்ஞான வரலாறு எழுதுவோர் ஆராயட்டும். ஆனால் அம்மனக்குறை ஒன்றையே சொல்லிச் சொல்லி, ஒரு பேரறிஞரைப் பரிசிழந்தவர் என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் அவருக்கு நன்மை செய்தவராக மாட்டோம். அப்பரிசு அறிவிக்கப்படுவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே அவர் டாக்காவுக்குச் சென்று, முற்றிலும் வேறான துறையில் தமக்கென ஒரு வழியை வெட்டத் தொடங்கிவிட்டார். அவரை அறிய விரும்புவோர் அவ்வழியிலன்றோ செல்லவேண்டும்?

1928-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையில் ரீடராக அமர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வினா இது: படிகம் ஒன்றின் காந்தத் தன்மை எல்லாத் திசையிலும் ஒரே அளவினதா? திசைக்குத் திசை வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டைத் துல்லியமாக அளப்பது எங்ஙனம்? அளந்தபின் அதிலிருந்து படிகத்தினுள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பெற்றுள்ளன என்பதை அறியலாகுமா?

வினாவின் கடுமையை உணர்தல் வேண்டும். இரும்பல்லாத பொருள்கள்மீது காந்தம் செலுத்தும் விசை மிகமிகச் சிறியது. அதிலும் ஒரு திசைக்கும் மற்றொரு திசைக்கும் உள்ள வேற்றுமை அதனினும் சிறியது. படிகமோ சில மில்லிகிராம் எடையுள்ள சிறு துணுக்கு. சாதாரணத் தராசால் இதனை நிறுத்தறிய முயல்வது, வண்டி எடைபோடும் மேடையில் ஒரு மயிலிறகை வைத்துப் பார்ப்பது போலாகும்.

கிருஷ்ணனும் அவருடைய துணைவர்களும் வகுத்த முறை பின்வருமாறு. குவார்ட்ஸ் என்னும் பளிங்குக்கல்லை உருக்கி இழுத்த மிக நுண்ணிய இழையொன்றின் நுனியில் படிகத்தைப் பொருத்தி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவர். காந்தப்புலம் அங்கே எவ்விடத்தும் ஒரே சீராக இருக்கும். ஆதலின் படிகம் எப்பக்கமும் இழுக்கப்படுவதில்லை. தனக்கு உகந்த திசையில் திரும்பி நிற்க மட்டுமே முயலும். இழையின் மேல்நுனி, அளவு குறித்த வட்டமொன்றில் பொருத்தப்பெற்றிருக்கும். அவ்வட்டத்தை மெல்லமெல்லத் திருகுவர். இழை முறுக்கேறும்; முறுக்கு படிகத்தைத் தன்னோடு இழுக்கும்; காந்தமோ அதனைப் பழைய நிலையில் நிறுத்தப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே படிகம் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டு வரும். அது ஏறக்குறைய 45 பாகை திரும்பிய நிலையில் காந்தத்தின் பிடி தன் உச்சத்தை அடைந்துவிடும். அதற்குமேல் அணுவளவு திருகினும் பிடி தோற்றுவிட, படிகம் சட்டெனச் சுழன்றுபோகும். அக்கணத்தில் வட்டம் எத்தனை பாகை திருகப்பெற்றிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், காந்தத் தன்மையின் வேற்றுமையைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

இம்முறையின் நயத்தை மாணவர் கூர்ந்து நோக்குக. கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு விசையை நேரே அளக்க முயலாமல், அது தோற்கும் கணத்தைக் காத்திருந்து பிடிப்பதாக அளவையே மாற்றி அமைத்துவிட்டார். படிகம் சுழன்றதா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கருவியின் உறுப்புகளோ ஓர் இழை, ஒரு வட்டம், ஒரு காந்தம். பொருட்செல்வம் செய்யக்கூடியதைச் சிந்தனைச் செல்வம் செய்தது.

இவ்வளவையால் விளைந்த பயனும் பெரிது. நாப்தலீன் போன்ற பொருள்களின் மூலக்கூறுகள், ஆறு கரியணுக்கள் வளையமாக அமைந்த தட்டையான உருவம் உடையவை. அத்தட்டுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தின் விலக்கம் மிகுதி. தட்டின் தளத்தில் குறைவு. எனவே படிகத்தை மூன்று திசைகளிலும் அளந்துவிட்டால், உள்ளே தட்டுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதைத் திறந்து பாராமலே கூறிவிடலாம். எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய்ந்தவர்க்கு இது பேருதவியாயிற்று. பென்ஸீன் வளையத்தின் தட்டையான அமைப்பை நிலைநாட்டிய காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் கிருஷ்ணனோடு சேர்ந்து 1936-இல் இப்பொருள் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்.

பென்சிலில் நாம் எழுதும் கிராபைட்டையும் அவர் விடவில்லை. அதன் கரியணுக்கள் அடுக்கடுக்கான ஏடுகளாக அமைந்துள்ளன. ஏடுகளுக்குச் செங்குத்தான திசையில் அதன் காந்த விலக்கம், ஏட்டின் தளத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு. ஏடுகளின் ஊடே தடையின்றித் திரியும் எலெக்ட்ரான்களே இதற்குக் காரணம் என்பதை அவரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து விளக்கினர். திண்பொருள்களினுள் எலெக்ட்ரான்கள் இயங்கும் விதத்தை அறிவதற்கு அத்தகைய அளவைகள் வழிகாட்டின.

1933-இல் அவர் கல்கத்தாவுக்குத் திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக அமர்ந்து இப்பணியைத் தொடர்ந்தார். 1937-இல் அவர் ஐரோப்பா சென்று சொற்பொழிவாற்றிய இடங்களுள் ராயல் இன்ஸ்டிடியூஷனும் ஒன்று. பாரடே பிஸ்மத் படிகத்தைத் தொங்கவிட்ட அதே நிலையத்தில், வத்திராயிருப்பில் பிறந்தவர் நின்று பேசினார். 1940-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1946-இல் ஸர் பட்டம் பெற்றார். 1947-இல் டெல்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக நியமிக்கப்பெற்றார். நீளம், எடை, காலம் ஆகியவற்றின் தரத்தை நாட்டுக்காகக் காத்துவரும் நிலையம் அது. அளவையில் தேர்ந்த கை அதற்குத் தலைமை தாங்கியது பொருத்தமே. 1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் பட்நாகர் பரிசும் பெற்றார். அப்பரிசை முதன்முதல் பெற்றவர் அவரே. 1961 ஜூன் 14-ஆம் நாள் மறைந்தார். டெல்லியில் அந்நிலையம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

இத்தகையவரின் வாழ்வை ஒரு பக்கத்தில் வைத்து, நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் செய்முறை வகுப்பை மறுபக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பௌதிக மாணவன் விலகல் காந்தமானியை மேசைமேல் வைக்கிறான். காந்தத்தை முதலில் ஒரு நிலையிலும் பின் மற்றொரு நிலையிலும் வைத்து, ஊசி எத்தனை பாகை விலகியது என்று பார்க்கிறான். அன்றேல் பார்ப்பதாகப் பாவனை செய்கிறான். விடை இவ்வளவு வரவேண்டும் என்பது முன்னரே தெரியும். மூத்த மாணவனின் ரிக்கார்டு நோட்டு பக்கத்தில் திறந்து கிடக்கும். தன் அளவு அவ்விடையிலிருந்து விலகினால், ஏன் விலகிற்று என்று அவன் வியப்பதில்லை. எந்த எண்ணை மாற்றி எழுதினால் விடை சரிவரும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறான். நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்து விழுகிறது. வகுப்பு முடிகிறது.

இதனைச் சிறு பிழை என்று தள்ளிவிடுதல் தகாது. பக்கத்து மேசையில் இரும்பு அலமாரி இருந்தால் ஊசி சிறிது திரும்பும். அத்திருப்பம் ஒரு செய்தி. அதனைக் கண்டுபிடித்தவன் காந்தத்தைப் பற்றி ஓர் உண்மையைத் தானே கற்றவனாவான். அதை மறைத்துப் புத்தக எண்ணை எழுதியவன் கற்றது யாது? இயற்கை என்ன சொன்னாலும் மேலோர் விரும்பும் விடையையே எழுதவேண்டும் என்பதைத்தான். கள்ளத் தராசு வைத்திருக்கும் வணிகனை நாம் இகழ்கின்றோம். பொய்யளவை எழுதப் பழகிய மாணவனோ நாளைக்கு மருத்துவமனையில் குருதியைச் சோதிப்பான். வைகை நீரின் தூய்மையை அளப்பான். பாலத்தின் இரும்பு எத்துணைப் பாரம் தாங்கும் என்று சான்று எழுதுவான். அவன் கைத்தராசு கோணினால் இழப்பு யாருக்கு?

இதற்கு ஆசிரியர்மீது மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஒரு வகுப்பில் முப்பது, நாற்பது மாணவர், கருவிகளோ சில, குறித்த வாரங்களுக்குள் குறித்த செய்முறைகள் முடியவேண்டும், தேர்வும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. பாடத்திட்டத்தைப் புறக்கணிக்க முடியாது என்று அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. பயிற்சிக்காகத் தெரிந்த விடையுள்ள செய்முறைகளும் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. இசை பயில்வோன் முதலில் சரளிவரிசை பாடத்தானே வேண்டும்? ஆனால் சரளிவரிசையோடு இசைக்கல்வியை முடித்துவிடுவார் யாரும் இலர்.

இக்காலத்து விஞ்ஞானம் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவிகளால் நடப்பது. இழையையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு இனி எதைக் காண்பது என்று வினவுவாரும் உண்டு. புதிய விதிகளைக் கல்லூரி மேசையில் கண்டுவிடலாம் என்று நானும் கூறவில்லை. கோடி ரூபாய்க் கருவியின் முன் அமர்பவனுக்கும் முதலில் வேண்டுவது, தான் கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையும், எதிர்பாராதது தோன்றினால் நின்று நோக்கும் பழக்கமும் ஆகும். அவற்றைக் கற்க இழையும் காந்தமும் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது: பௌதிக மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு செய்முறையேனும், விடை எப்புத்தகத்திலும் எழுதப்படாததாக அமைத்தல் வேண்டும். பழுதாகிப்போன கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றினால் அதனுள்ளே வலிய காந்தத் துண்டுகள் கிடைக்கும். உறிஞ்சுகுழல் ஒன்றின் இரு நுனியிலும் திராட்சைப் பழங்களைக் குத்தி, நடுவே நூல் கட்டித் தொங்கவிட்டு, அக்காந்தத்தைப் பழத்தின் அருகே மெல்லக் கொண்டுசெல்க. பழம் மெல்ல விலகிச் செல்வதைக் காணலாம். பாரடே கண்டதைக் கண்ணாற் கண்டதாகும். இனி, அவ்விசை எவ்வளவு? தொலைவு இரட்டித்தால் எவ்வளவு குறைகிறது? பென்சில் கிராபைட்டுக்கும் திராட்சைக்கும் உள்ள வேற்றுமை என்ன? மாணவனே முறை வகுக்கட்டும்; அளக்கட்டும்; பிழையும் செய்யட்டும்.

சற்று முன்னேறியவர் மயில்துத்தத்தை நீரிற் கரைத்து, சில நாள் அசையாது வைத்து, நல்ல நீலப்படிகம் வளர்க்கலாம். 1936-இல் கிருஷ்ணனும் அவருடைய துணைவரும் ஆராய்ந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. அதனை மெல்லிய நைலான் இழையில் கட்டி, எதிரெதிரே வைத்த இரு காந்தங்களின் நடுவே தொங்கவிட்டால் அது எப்பக்கம் திரும்பி நிற்கிறது? திரும்பியதற்குக் காரணம் அதன் புறவடிவமா, உள்ளமைப்பா? இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? இவ்வினாவோடு ஒரு மாணவன் ஒரு மாதம் போராடட்டும். அவனுக்கு மதிப்பெண் வழங்குங்கால் அவன் எண் சரியா என்று பாராமல், அவன் நாட்குறிப்பு உண்மையானதா என்று பாருங்கள். அடித்து எழுதிய பக்கங்களும் தோற்ற முயற்சிகளும் அதில் இருத்தல் வேண்டும். எல்லாம் முதல் நாளிலேயே பிசகின்றி முடிந்துவிட்டதாகக் காட்டும் நோட்டுக்கே மதிப்பெண் குறைக்க.

இரண்டாவது: கிருஷ்ணன் நடத்திய நண்பகல் வினாக்கூட்டத்தை நாமும் வாரம் ஒருமுறையேனும் நடத்துவோம். அது தமிழில் நடக்கட்டும். ஊர்ப்புறத்துப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர் பலர் அறிவில் குறைந்தவரல்லர். வினாவை ஆங்கிலத்தில் கேட்க நாணியே வாய்மூடி இருக்கின்றனர். தாய்மொழியில் கேட்கலாம் என்றால் அவர்தம் வினாக்கள் நம்மைத் திகைக்கச் செய்யும். விடை தெரியாத வினா எழுந்தால் ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் எழுதி, அடுத்த வாரம் வரை அழியாமல் வைக்கட்டும். பழைய மாணவருள் மின்வாரியத்திலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் பணியாற்றுவோர் பலர் உளர். அவர்கள் நன்கொடை தருவதோடு நில்லாமல், அக்கூட்டத்துக்கு வந்து தாம் அளக்கும் பொருள்களைப் பற்றிச் சில நிமிடம் பேசினால் அதுவே பெருங்கொடையாகும்.

இவ்விரண்டுக்கும் புதிய கட்டடம் வேண்டா, அரசாங்கத்தின் ஆணை வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. அடுத்த பிப்ரவரி 28-ஆம் நாள் வழக்கம்போல் கண்காட்சி நடக்கட்டும். ராமன் படத்துக்கு அருகே கிருஷ்ணன் படமும் வைக்கப்படட்டும். ஆனால் அப்படத்தின் முன்னுள்ள மேசையில், மாணவன் ஒருவன் தானே வளர்த்த நீலப்படிகம் ஓர் இழையில் தொங்கட்டும். அது எத்தனை பாகை திரும்பிற்று என்பதை அவன் கண்டவாறே எழுதிய நாட்குறிப்பும் பக்கத்தில் திறந்து கிடக்கட்டும். காண வருவோர் அதிலுள்ள எண்கள் சரிதாமா என்று அவனோடு வழக்காடட்டும்.